தேடினால் வரக்கூடாத பக்கம்

அப்பாவின் மீசைச் சாயம் காய்வதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சாயம் காயும், அவர் முகம் கழுவுவார், ஜிப்பா மாட்டுவார், பட்டிமன்ற வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும், அதற்குள் நான் இந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பட்டனைத் தட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, இதற்குப் போய் என் கை ஏன் மவுஸின் மேல் செத்த பல்லி மாதிரி கிடக்கிறது. காலையில் நன்றாகத்தான் இருந்தேன். எங்கள் ஹெச்.எம். குரலில் அம்மாவை அதட்டி இன்னொரு இட்லி வாங்கினேன், கேஸ் வண்டிக்காரர் குரலில் வாசலில் நின்று கத்தி எதிர்வீட்டு அக்காவைக் காலி சிலிண்டரோடு தெருவுக்கு ஓடி வரவைத்தேன், அவர் விளக்குமாற்றைத் தேடப் போன நேரத்தில் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன், அந்தச் சிரிப்பு மத்தியானம் வரைக்கும் வயிற்றில் குறுகுறுவென்று இருந்தது. சிரிப்பருவி சிவசைலம் பெத்த பிள்ளைக்குச் சொல்லியா குடுக்கணும் என்று ராஜபாளையத்தில் எல்லாரும் சொல்வார்கள். பகலில் அப்பா தண்ணீர் வரி வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பார், கோயில் கொடை, திருவிழா என்று வந்துவிட்டால் மேடையில் சிரிப்பருவி. பேசியதையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகமும் போட்டார், அதை எவன் எவனோ ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஓசிக்கு விட்டுவிட்டான், இப்போது சென்னையில் ஒரு பதிப்பகத்தார் மறுபதிப்புப் போடுகிறோம் சார், ஆனா பேரைத் தட்டினாலே ஓசிப் புத்தகம்தான் முதல்ல வந்து நிக்குது, அதை எடுக்க வைங்க, அப்புறம் பேசுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரமாக அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "என் ரத்தத்தை உறிஞ்சுறானுங்க மகிழு. நான் உருகி உருகிச் சொன்னதை எவனோ அவன் வீட்டுத் தின்பண்டம் மாதிரி எடுத்து வச்சு ஊருக்கே விளம்புறான். மனசாட்சி இருக்கா அவனுகளுக்கு." அப்படியே சொன்னார். மனசாட்சி என்று சொல்லும்போது 'சா'வை இழுப்பார், நானும் இழுப்பேன், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, வேண்டுமானால் அம்மாவைக் கேளுங்கள், அப்பா ஊரில் இல்லாதபோது அடுத்த அறையிலிருந்து காபி கேட்டு ஏமாற்றியிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தையை மனசுக்குள் இழுத்துப் பார்த்தால் பாதியில் நின்றுவிடுகிறது.

பக்கத்தையே அழிக்க நம்மால் முடியாது, அதை வைத்திருப்பவன் எந்த நாட்டில் இருக்கிறானோ. ஆனால் தேடுபொறிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டால், இது என் சரக்கு, திருடிப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால், அந்தப் பக்கம் தேடுகிறவர் கண்ணில் படாமல் செய்துவிடுவார்கள். வீடு அங்கேயேதான் இருக்கும், போகிற பாதையை மட்டும் எடுத்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாத வீடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்புவதற்குத்தான் சிரிப்பருவிக்குப் பிள்ளை இருக்கிறதே. பேரை அப்பா குரலில் அடித்தேன், முகவரியை கூரியர் பையன் குரலில், உங்கள் படைப்பை விவரிக்கவும் என்ற இடத்தில் அந்தத் தொலைபேசி அம்மணியின் குரலை எடுத்துக்கொண்டேன், நீங்கள் விவரிக்கும் படைப்பு தற்சமயம் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது. தனியாகச் சிரித்துக்கொண்டேன். திருட்டுப் பக்கங்களைப் பிடிப்பதற்கு ஒரு வழி உண்டு, புத்தகத்திலிருந்து ஒரு வரியை எடுத்து முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டுத் தேடினால் அந்த வரி எங்கெங்கே இருக்கிறதோ அத்தனை பக்கமும் வரிசையாக வந்து நிற்கும். எந்த வரி என்று யோசிக்கவே இல்லை. என் வரிதான். நான் நாலு வயதில் சொன்ன வரி, அப்பாவின் புத்தகத்துக்கே அதுதான் தலைப்பு, சில்லறை இல்ல, அடுத்த ஆள் வாங்க. வந்து நின்றன. மாந்திரீகப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அப்பா, உடல் இளைக்கும் லேகியத்துக்குக் கீழே அப்பா, சூதாட்ட விளம்பரத்தில் குதிக்கிற பெண்ணின் காலடியில் அப்பா. ஒவ்வொன்றின் முகவரியையும் எடுத்துப் பெட்டிக்குள் ஒட்டினேன், மீன்காரர் கூடைக்குள் எறிகிற மாதிரி, இந்தா, இந்தா, இந்தா. கடைசியாக ஒட்டியது ஒரு ரோஸ் நிறப் பக்கம். ஓரத்தில் சின்னதாக ஒரு ரயில் எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. திருடன் எவனாவது எஞ்சின் ஓடவிடுவானா என்றுதான், சும்மா, வேடிக்கையாகத்தான் படித்தேன். படிக்காமல் அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் இந்நேரம் ஐஸ் வாங்கப் போயிருப்பேன்.

கவுண்டர் நம்பர் ஆறு என்று அந்தப் பக்கத்துக்குப் பேர். எழுதியவர் ஹெப்சிபா, நாகர்கோவில் பக்கம், ரயில் டிக்கெட் முன்பதிவுக் கவுண்டரில் வேலை. பெரிதாக ஒன்றும் எழுதவில்லை, அவியலுக்கு வாழைக்காய் நறுக்குவது, தலைவலி, சண்டை போட்ட பயணி. அதற்கு நடுவில் இது. 'இன்று இரண்டு பேர் லீவு. வரிசை வாசல் தாண்டி நின்றது. வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. ஜெபின் ஜன்னலில் நின்றான். கம்பிக்கு அந்தப் பக்கம் கன்னத்தை அழுத்திக்கொண்டு நின்றான். வெளியே நின்றபடியே, அம்மைக்கு ஒரு முத்தம் தா மக்களே என்றேன். அவன் முகம் மாறவில்லை. சில்லறை இல்ல, அடுத்த ஆள் வாங்க என்றான். என் குரலில் சொன்னான். நான் நாள் முழுக்க எப்படிப் பேசுகிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்னால் ஆள் யாரும் இல்லை. நான் நாலு எட்டுப் பின்னால் போய், மறுபடி வரிசையில் வந்து நின்றேன்.' அவ்வளவுதான். நான் முதலில் கோபப்பட்டேன், நிஜமாகவே, யாருடி நீ என் கதையை எடுத்துக்கொண்டுபோய் எவனோ ஜெபினுக்குக் குடுத்தவ என்று நினைத்தேன். பிறகு தேதியைப் பார்த்தேன். அந்தத் தேதியில் எனக்குக் குப்புற விழவே தெரியாது. மறுபடி பார்த்தேன். தேதி மாறுமா. மாற்றிப் போட்டிருப்பார்களோ, இவர்கள் முன்தேதி போட்டிருப்பார்களோ என்று அதற்குக் கீழே முந்தின பதிவு, பிந்தின பதிவு எல்லாம் திறந்து பார்த்தேன், வாழைக்காய், தலைவலி, எல்லாவற்றிலும் ஜெபின் இருந்தான், பல் முளைத்தான், சைக்கிளிலிருந்து விழுந்தான், என்னைவிட நாலு வயது பெரியவனாகவே எல்லாப் பக்கத்திலும் வளர்ந்துகொண்டிருந்தான். அப்பா மேடையில் இதை எப்படிச் சொல்வார் தெரியுமா, கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், வரி கட்டுற கவுண்டர்லேர்ந்து வீட்டுக்கு வர்றேன், எம் மக ஜன்னல்ல நிக்கிறா என்பார், அப்போதே முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்துவிடுவார்கள், பின்னால் போய் மறுபடி வரிசையில் நின்றேன் என்றதும் கைதட்டு, கைதட்டு ஓய்கிற நேரத்தில், என் சம்சாரத்துக்கிட்ட மட்டும் இன்னைக்கு வரைக்கும் சில்லறை இருந்ததே கிடையாது என்று ஒன்று போடுவார், கூரை பிய்ந்துவிடும். அந்தச் சம்சாரம் வரி ஒன்றுதான் ஹெப்சிபாவிடம் இல்லை. அது ஒன்றுதான் எங்கள் வீட்டுச் சரக்கு.

ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறதே. அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. கதை யாருடையது என்பதை விடுங்கள், அந்தத் துரு வாசம் யாருடையது. ஜன்னல் கம்பியில் கன்னம் வைத்தால் வருகிற சில்லிப்பு, நாக்கில் படுகிற இரும்பு ருசி, கீழே அப்பாவின் சட்டைப் பையில் சிவப்புப் பேனா, எல்லாம் இருக்கிறது, இப்போது கண்ணை மூடினாலும் வருகிறது. பள்ளிக்கூடத்தில் மிமிக்ரி பண்ணி மாட்டிக்கொண்டபோது ஹெச்.எம். கூட, இது நாலு வயசுலேயே அப்படித்தானாமே, இதை அடிச்சு என்ன ஆகப் போகுது என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். நான் இப்படி இருப்பதற்கு அதுதானே காரணம், அந்த ஜன்னலில்தானே நான் தொடங்கினேன், முதல் குரல் அப்பாவின் கவுண்டர்க் குரல், அப்புறம்தான் மற்றதெல்லாம். எழுந்து அடுக்களைக்குப் போனேன். அம்மா பச்சைப்பயறைக் களைந்துகொண்டிருந்தாள். "எம்மா, எனக்கு நாலு வயசுல நாம எந்த வீட்ல இருந்தோம்." "ஆவாரம்பட்டி வீட்ல." "அதுல ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சு." அம்மா பயறைக் களைந்துகொண்டே, "அந்த வீட்டுக்கு ஏதுடி ஜன்னல், சுவத்துல மேல ரெண்டு ஓட்டை இருந்துச்சு, புகை போறதுக்கு" என்றாள். நான் விடவில்லை. "கவுண்டர் கதையில ஜன்னல் வருதுல்ல." அம்மாவின் கை நின்றது. தண்ணீரை வடித்தாள், மறுபடி ஊற்றினாள். "நாலு வயசுல நடக்கலேன்னா அஞ்சு வயசுல நடந்திருக்கும். போய்ச் சோலியைப் பாரு. அப்பா கிளம்பணும்." அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை அப்பா மேடையில் கண்ணாடியைக் கழற்றும்போதும் அம்மா செருப்பைத் தேடுகிறமாதிரிக் குனிவதை நான் பார்த்திருக்கிறேன், சம்சாரத்தைக் கேலி பண்ணுவதால் என்று நினைத்திருந்தேன், அதைக்கூட வீட்டில் செய்து காட்டியிருக்கிறேன், குனிந்து, தேடி, அம்மா மாதிரியே. ஐயோ, அதற்கும் சிரித்தோமே.

திரும்ப வந்து உட்கார்ந்தால் ரயில் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. பதிவுக்குக் கீழே ஆள் எழுதிய கருத்துகள் இருந்தன, முதல் சில வருஷம் அருமை சகோதரி, கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஒருவர், 'மேடம், இது சிரிப்பருவி சிவசைலம் ஐயா தன் மகளைப் பற்றிப் பேசியது. அடுத்தவர் சரக்கை எடுத்துப் போட வெட்கமாக இல்லையா.' அதற்கு ஹெப்சிபா, 'இல்லை தம்பி, இவன் என் மகன்தான். இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான்.' அதற்குக் கீழே ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். இன்னொருவர், அப்படியென்றால் ஐயாவின் மகள் யார், அவளும் கப்பலா. ஹெப்சிபா மறுபடி பதில் எழுதியிருந்தார், தேதியைப் பாருங்கள் என்று. யார் தேதியைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகும் நாலைந்து பேர் வந்து திட்டியிருந்தார்கள், அவர் ஒன்றும் எழுதவில்லை. வாழைக்காய்கூட அதோடு நின்றுவிட்டது, அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் பதிவே இல்லை. அவர்கள் எல்லாரும் எனக்காகத் திட்டியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்காக. கம்பியில் கன்னம் வைத்த அந்த மகளுக்காக, எனக்காக. முகம் சுடுகிறது, காது சுடுகிறது, காதுக்குக்கூடவா வெட்கம் வரும். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எவர் குரலிலாவது புகுந்து தப்பித்துவிடுவேன், கண்டக்டர் ஆவேன், ஜோசியக்காரர் ஆவேன், இப்போது ஜோசியக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தால் அவரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. மூலப் படைப்பை எங்கே பார்க்கலாம், முகவரி தருக. புத்தக அட்டையைப் படம் பிடித்துப் போடு என்று அப்பா சொல்லியிருந்தார். உண்மையாக நிரப்ப வேண்டுமென்றால் ஹெப்சிபாவின் முகவரியைத்தான் அங்கே ஒட்ட வேண்டும். மூலமும் அவர்தான், திருட்டு என்று மேலே ஒட்டியிருப்பதும் அவரைத்தான். அதற்குக் கீழே ஒரு சின்னச் சதுரம், மேலே சொன்னதெல்லாம் சத்தியம் என்று டிக் அடிக்கச் சொல்கிறது, பிறகு கையெழுத்துக்குப் பதிலாகப் பேரை அடித்தால் போதும். சிவசைலம். எத்தனை ரேங்க் கார்டில் போட்டிருக்கிறேன்.

"இன்னுமா முடியல." அப்பா வாசல்படியில் நின்றார். மேலுதட்டில் கறுப்புச் சாயம் கட்டியாகப் பூசியிருந்தது, வாயை அசைக்காமல் பேசினார், அது ஒட்டிவிடும் என்று பயம், அந்தக் குரல் தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி இருந்தது. பக்கத்தை மூட எனக்கு நேரம் இருந்தது. மூடவில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் குனிந்தார், சாய நெடி மூக்கில் ஏறியது, ரோஸ் நிறம் அவர் கண்ணாடியில் தெரிந்தது. படித்தார் என்று சொல்ல முடியாது. அடையாளம் பார்த்தார், கல்யாண வீட்டில் கடன்காரரைப் பார்க்கிற மாதிரி. "அதையும் சேத்துக்கோ" என்றார். "சேத்தாச்சுப்பா. ஆனா இது." "தெரியும்." ஓடுகிற எஞ்சினையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "அந்தம்மாவுக்கு அப்பவே ஒரு மெயில் போட்டேன். பதில் வரல." "நிஜமாப்பா?" "போடணும்னு இருந்தேன்" என்றார். பிறகு கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார், வெள்ளை வேட்டியில் சாயம் படாமல் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. "மேடையில இதெல்லாம் சகஜம்மா. ஒருத்தன் சொன்னதை ஒருத்தன் சொல்லுவான். காத்துல போறது." நான், "அப்ப அந்த பி.டி.எஃப். காரனும் அப்படித்தானே சொல்லுவான்" என்றேன். யார் குரலிலும் சொல்லவில்லை, அதனால் எனக்கே கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. சாயத்துக்கு மேலே மூக்கு மட்டும் விரிந்து சுருங்கியது. "என்னை ஏம்ப்பா இதுல போட்டீங்க." அப்பா கட்டில் நுனியிலிருந்து சொன்னார். "முதல்ல ரெண்டு ஊர்ல, எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, அவங்க பையன்னுதான் சொன்னேன். ஒருத்தன் சிரிக்கல. மூணாவது ஊர்ல எம் பொண்ணுன்னு வந்துருச்சு வாயில. அன்னைக்கு அழுதாங்க மகிழு. சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. அதுவரைக்கும் நான் பேசினா எந்திரிச்சுப் போயி டீ குடிப்பாங்க." நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த முகத்தை என் முகம் தானாகப் பிடித்துக்கொள்ளும், பழக்கதோஷம், அந்த ஒரு முகத்தை நான் என்னிடம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. "இது வெளிய வந்தா புத்தகம் அவ்வளவுதான். சென்னைக்காரங்க போனை எடுக்க மாட்டாங்க. ஊர்ல தலை காட்ட முடியாது" என்றார், சின்னக் குரலில், வரிசையில் நிற்கிறவர் கவுண்டருக்குள் குனிந்து கேட்கிற குரலில். "அந்தம்மா எழுதுறதையே விட்டாச்சே. அது கண்ணுல படலேன்னா அவங்களுக்கு என்ன நஷ்டம் சொல்லு." சொல்லியிருக்கலாம். ஏன் விட்டார்கள் என்று கீழே இருக்கிறது படிங்க என்று சொல்லியிருக்கலாம். தெருமுனையில் ஹாரன் அடித்தது. அப்பா எழுந்து போய் முகம் கழுவினார், தண்ணீர்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது, ஜிப்பா போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மீசை பளபளவென்று கறுப்பாக, முகம் மட்டும் யாரோ மாதிரி இருந்தது. "அனுப்பிரு" என்று படியிறங்கினார். வேனிலிருந்து, வாங்க அருவி, வாங்க, என்று பத்துக் குரல் ஒன்றாகக் கத்தின.

நான் பெட்டியின் கடைசி வரிக்கு, ரோஸ் பக்கத்தின் முகவரிக்கு வந்தேன். அதன் முனையில் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அழித்தால் என்ன ஆகும் என்று ஒரு ஓட்டம், அழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு ஓட்டம், இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டின, அப்பா தலைகுனிந்து நிற்கிற இடத்தில். அழிக்காவிட்டால் ஹெப்சிபாவுக்கு ஒரு கடிதம் போகுமாம், உங்கள் பக்கத்தின்மேல் புகார் வந்திருக்கிறது, புகார் செய்தவர் சிவசைலம் என்று. அந்தக் கடிதத்தை அவர் எங்கே வைத்துப் படிப்பார். இப்போதும் கவுண்டரில் இருப்பாரா, கண்ணாடிக்குப் பின்னால், வரிசையை நிறுத்தி வைத்துவிட்டுப் படிப்பாரா. மகனுக்குப் போன் பண்ணுவாரா, கப்பலுக்குப் போன் கிடைக்குமா, நீ அன்னைக்குச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா மக்களே என்று கேட்பாரா. அவனுக்கு ஞாபகம் இல்லையென்று சொல்லிவிட்டால். நாலு வயதில் சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கும். எனக்குத்தான் இருக்கிறது. அழித்தேன். கோடு ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து தின்றுகொண்டு வந்தது. மற்றதெல்லாம் இருக்கட்டும், மாந்திரீகம், லேகியம், சூதாட்டம், அவையெல்லாம் திருட்டுதானே, திருட்டுக்குள் ஒரு திருட்டு இருப்பதற்கு நான் என்ன செய்ய. மூலம் எங்கே என்ற கட்டத்தில் புத்தக அட்டையைப் போட்டேன். அதைப் போடும்போது மறுபடி காது சுட்டது. அதில் இருக்கிற முப்பது கதையில் ஒன்றுதானே அப்படி, மற்றது அப்பாவுடையதுதான் என்று சொல்லிக்கொண்டேன், அப்படித்தானா என்று மற்றதைத் தேடிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சத்தியம் என்று டிக் அடித்தேன், சிவசைலம் என்று அடித்தேன், அனுப்பினேன். நன்றி என்று ஒரு பக்கம் வந்தது.

போன் அடித்தது. அப்பாதான். வேன் ஓடுகிற இரைச்சல், யாரோ யாரையோ கேலி பண்ணும் சத்தம். "அனுப்பிட்டியா." "அனுப்பிட்டேன்." "எல்லாத்தையுமா." பொய் சொல்வது எனக்கு ஒன்றும் புதிதில்லை, எதிர்வீட்டு அக்காவைக் கேளுங்கள். "ஒண்ணைத் தவிர" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "சரி. சாப்பிட்டுப் படு" என்றார். போனை அணைக்க மறந்து பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, துணி உரசுகிற சத்தம் வந்தது, அதற்கு அப்பால் வேன் முழுக்க ஆள்கள் இருந்தார்கள், நான் காதை எடுக்கவில்லை, எனக்குத்தான் ஒட்டுக்கேட்பது கைவந்த கலையாயிற்றே, எல்லாக் குரலையும் அப்படித்தான் பிடித்திருக்கிறேன். யாரோ இளம் குரல், புதுப் பேச்சாளராக இருக்க வேண்டும், "அண்ணே, இன்னைக்குக் கவுண்டர் கதை உண்டுல்ல. எங்க அம்மா அதைக் கேக்கணும்னே முன்வரிசையில வந்து உக்காரப் போறாங்க" என்றது. அப்பா ஏதோ சொன்னார், காற்றில் போய்விட்டது. "என்னண்ணே." "அது வேண்டாம்யா" என்றார் அப்பா, இந்தத் தடவை தெளிவாக. "இன்னைக்கு வேற சொல்றேன்." பிறகு அந்தப் பையன், கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி, மரியாதையாகத்தான் கேட்டான், "வேற என்னண்ணே இருக்கு."

அப்பா பதில் சொல்ல வாய் திறந்திருப்பார். நான் போனை அணைத்துவிட்டேன்.